நத்தை முத்திரைச் சேணம்

பக்கத்து வீட்டுக்காரர் மேல் பொறாமைப்படலாம். கூட வேலை செய்கிறவர் மேல் படலாம். சொந்த மச்சினன் மேல் படுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதே இல்லை. ஆனால் பேர் தெரியாத, முகம் தெரியாத, செத்து எத்தனை வருடம் ஆயிற்று என்றுகூடத் தெரியாத ஒருத்தர் மேல் இருபத்திரண்டு வருடம் ஒரு நாள் லீவு போடாமல் பொறாமைப்பட்டவர் எங்கள் அறிவுக்கு எட்டியவரை ஊசியார் ஒருவர்தான்.

ஊசியார் சவாரிப் பள்ளியில் தோல் வேலை செய்கிறவர். சேணம், கடிவாளம், கால் வைக்கும் அங்கவடியின் வார் என்று குதிரை மேல் ஏறும் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் ஏறும். ஆள் ஒல்லி. பேச்சு குத்தும். முதலில் வெறும் ‘ஊசி’ என்றுதான் பட்டப்பெயர் ஆரம்பித்தது. தலை நரைத்த பிறகு சவாரி பழகும் பிள்ளைகள் பரிதாபப்பட்டு ஒரு ‘யார்’ சேர்த்தார்கள். லாடக்காரர் மட்டும் இன்னும் பழைய விலைக்கே கூப்பிடுவார்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் பை செய்யும் கம்பெனியில் கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பெஞ்சில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நொட்டாங்கைப் பழக்கம். வலக்கைக்காரர்கள் ரெண்டு ஊசி போட்டுத் தைத்தால் தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இடக்கைக்காரி தைத்தால் எதிர்ப்பக்கம் சாயும். ஒரே பையில் ஒரு கைப்பிடி இந்தப் பக்கமும் இன்னொரு கைப்பிடி அந்தப் பக்கமும் சாய்ந்திருந்ததைப் பார்த்த சூப்பர்வைசர் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அதே வாரம் ஊசியார் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். இதுவரைக்கும் நல்ல மனிதர்தான். கல்யாணமான பிறகு, “உன் தையல் என்ன, புயல்ல சாஞ்ச வேலி மாதிரி இருக்கு” என்று வாரம் ஒரு தடவை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கேதான் வினையே.

பள்ளிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே வேலைக்கு வந்தார்கள். அவருக்குத் தகரக் கூரை போட்ட பட்டறை. மனைவிக்குச் சாமான் அறை. வேர்வை பிடித்த தோலைத் துடைத்து எண்ணெய் போடுவது, கடிவாள இரும்பைக் கழுவுவது, சேணத்துக்கு அடியில் போடும் துணிகளைத் துவைப்பது அவள் வேலை. “நீ துடைக்கிறவ, நான் செய்யறவன்” என்று அவர் எல்லை பிரித்துவிட்டார். பட்டறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வேறு எங்கேயாவது திறந்திருக்கலாம். மைதானத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் மனிதர் நாலு குதிரையைப் பார்த்து நிம்மதியாக இருந்திருப்பார். அது சாமான் அறையைப் பார்த்துத் திறந்தது. சாமான் அறையில் முப்பது சேணங்கள் முப்பது கட்டைகளில் உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்கு நேர் எதிரே ஏழாவது கட்டை.

ஏழாவது கட்டையில் நத்தை.

நத்தை என்பது அந்தச் சேணத்தின் பேர். பள்ளியை நடத்தும் டீச்சரம்மா பிறப்பதற்கு முன்பே அது அங்கே இருந்ததாம். சவாரி செய்கிறவரின் காலுக்கு அடியில் தொங்கும் இடது பக்க மடலில், பெருவிரல் நகம் அளவுக்கு, செய்தவனின் முத்திரை: சுருண்ட கூட்டோடு ஒரு நத்தை. ஓடுகிற குதிரைக்குச் செய்த சாமானில் நத்தையைக் குத்தியவன் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது. தோல் கடுந்தேநீர் நிறம். உட்காரும் இடம் பளபளவென்று இருக்கும். குனிந்தால் மூக்கு தெரியும். புதுச் சேணங்கள் எல்லாம் குதிரை நடந்தால் பழைய கட்டில் மாதிரி முனகும். நத்தை வாயே திறக்காது.

பிள்ளைகள் நத்தைக்காகச் சண்டை போடுவார்கள். வெளியூரிலிருந்து வரும் குதிரைக்காரர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார்கள். “அடேயப்பா, இதச் செஞ்சவன் மனுஷனா?” என்பார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஊசியாருக்குக் காதில் புகை வரும்.

“மனுஷன்தான். ரெண்டு கை, ரெண்டு கால். நத்தை வரையத்தான் தெரிஞ்சிருக்கு” என்று தோலிடம் சொல்லிக்கொள்வார்.

அவருக்கும் ஒரு முத்திரை இருந்தது. சிங்கம். காசு கொடுத்து ஒரு ஆளிடம் வெட்டி வாங்கினார். வெட்டியவர் பிடரி மயிரில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார். தோலில் குத்தினால் காது தூக்கிய பூனை விழுந்தது. “சிங்கம்” என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் “பூனைச் சேணம்” என்றே கேட்டு வாங்கினார்கள். வாரம் தவறாமல் பட்டறைக் கதவில் யாரோ சுண்ணக்கட்டியால் ஒரு நத்தை வரைந்து வைப்பார்கள். யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லப்போவதில்லை.

பூனைச் சேணங்கள் பார்க்க ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது வருடம் ஏதாவது ஒன்று விடும். ஒரு தையல் அவிழும், ஓரம் வெடிக்கும், உள்ளே அடைத்த கம்பளி ஒரு பக்கம் கட்டி தட்டும். “ஊசியாரே, இதுல ஒரு தையல் போயிருக்கு” என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. பெற்ற பிள்ளைக்கு ஒன்றரைக் கண் என்று சொன்ன மாதிரி முகம் சுண்டிப் போகும். ஒரு தையல் போட்டுக் கொடுத்தால் முடிந்துவிடும் காரியம். மாட்டார். சேணத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறைக் கதவைச் சாத்துவார். முழுசாகப் பிரித்து, தோலை எல்லாம் கழிவு மூட்டையில் போட்டுவிட்டு, புதுசாக இன்னொன்று ஆரம்பிப்பார். நத்தைக்காரன் சேணம் தையல் விடாதபோது தன் சேணம் ஒட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தால் அசிங்கம் என்பது அவர் கணக்கு. மனைவிக்கும் கண்டிப்பான உத்தரவு: “என் சேணத்துல நீ கை வைக்காத. நல்ல வேலைக்கு எண்ணெயும் வேணாம், துணியும் வேணாம்.” இப்படி, எந்தப் பூனையும் நாலாவது வயதைப் பார்த்ததில்லை.

இன்னொரு வீம்பும் இருந்தது. மாதம் ஒரு தடவை எல்லாச் சேணத்தையும் பரிசோதிப்பது அவர் பொறுப்பு. பக்க மடலைத் தூக்கினால் உள்ளே பக்கத்துக்கு மூன்று பட்டை தொங்கும். குதிரையின் வயிற்றைச் சுற்றி வரும் வார் அந்தப் பட்டைகளில்தான் மாட்டும். பட்டை விட்டால் சேணம், ஆள் எல்லாம் கீழே. அதனால் பட்டையைக் கையில் சுற்றி, கட்டையில் காலை உதைத்து, உடம்புப் பாரம் முழுக்கப் பின்னால் தொங்கவிட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். பிடித்தால் “தாங்குது” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இருபத்தொன்பது சேணத்துக்கு அவர் தொங்குவார். ஏழாவது கட்டை வந்ததும், “அத நீ பாரு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சுவரில் இருக்கும் பல்லியைப் பார்ப்பார். அவள் தொங்குவாள். “தாங்குதுங்க” என்பாள். இருபத்திரண்டு வருடம் அவர் விரல் நுனிகூட நத்தை மேல் பட்டதில்லை.

அந்த வருடம் அவர் ஒரு பூனை செய்தார். எட்டு மாதம். தோலை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துப் பொறுக்கினார். தைக்கிற நூலுக்கு அவர் ஒரு மெழுகு காய்ச்சுவார். தேன்மெழுகில் விளக்குக் கரியும் இன்னொரு சாமானும் சேரும், அது என்ன என்று யாருக்கும் சொல்லமாட்டார். அந்தக் கறுப்பு நூல் வேறு எந்தப் பட்டறையிலும் கிடையாது. அது என்னவோ சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துபோகும். லாடக்காரர்தான் எடுக்கிறார் என்பது ஊசியாரின் தீர்ப்பு.

“உன் நூல வச்சு நான் குதிரைக் காலுக்குப் பாவாடையா தைக்கப் போறேன்?” என்பார் லாடக்காரர்.

புதுப் பூனை நன்றாகவே வந்திருந்தது. லாடக்காரரே தட்டிப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவ பூனைக்குக் கொஞ்சம் கம்பீரம் வந்திருக்கு, ஊசி. புலி வரைக்கும் வந்துட்ட” என்றார். ஊசியாருக்கு ஒரே ஒரு ஆசைதான். மாதக் கடைசியில் பள்ளிகளுக்கு இடையே தாண்டும் போட்டி. பள்ளியின் பெருமையே வெள்ளச்சி என்ற சாம்பல் குதிரைதான். அவள் முதுகில் எப்போதும் நத்தைதான் ஏறும். இந்த ஒரு தடவை தன் சேணம் ஏற வேண்டும். எல்லோரும் பார்க்க வேண்டும். நத்தை கட்டையிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும்.

டீச்சரம்மாவிடம் கேட்டார். அவர் குதிரைகளிடம் கொஞ்சிப் பேசி மனிதர்களிடம் கட்டளை போடும் ரகம்.

“நல்லாத்தான் இருக்கு. யாரு இல்லன்னா? ஆனா நத்தைக்கு என்ன குறை?” என்றார் டீச்சரம்மா.

“குறைன்னு இல்லம்மா. வயசாச்சு.”

“எனக்கும்தான் வயசாச்சு. என்னையும் மாத்திடுவீங்களா?”

“அய்யோ, அப்படிச் சொல்லலம்மா...”

“ஊசியாரே, நத்தையில ஒரு குறை வரட்டும். அன்னிக்கே உங்க பூனைய... சிங்கத்த ஏத்தறேன். போதுமா?”

போதும். போதுமானதற்கும் மேலே. அந்த ஒரு வார்த்தை ஊசியார் காதில் போய் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒரு குறை வரட்டும். இத்தனை வருடம் வராத குறை இன்னும் ஒரு வாரத்தில் தானாக நடந்து வருமா? யாராவது போய்க் கூட்டிக்கொண்டு வரத்தான் வேண்டும்.

யோசனை சுத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை டீச்சரம்மா முன்னால் போட்டிக்கான பரிசோதனை. அதற்கு முன்னால் ஒரு பட்டையின் அடியில் மூன்று தையலை அறுத்துவிடுவது. வெள்ளிக்கிழமை, “இந்தத் தடவ நானே பார்க்கறேன்” என்று தொங்குவது. பட்டை விடும். நத்தை வெளியே. யாரும் ஏறப்போவதற்கு முன்பே கண்டுபிடித்தாயிற்று, யார் எலும்பும் உடையாது. இதில் பாவம் எங்கே இருக்கிறது? இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்து, தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை மதியம். குதிரைகள் புல் மென்றுகொண்டிருந்தன. டீச்சரம்மா சாப்பிடப் போயிருந்தார். மனைவி துணிக் குவியலோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கத்தியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஊசியார் சாமான் அறைக்குள் போனார். சட்டைக்குள் செருகுவது சுலபம்; ரெண்டாவது பொத்தான் விழுந்து நாலு மாதமாக அங்கே ஒரு ஊக்குதான். “பொத்தான் வச்சுக் குடு” என்று சொல்லும்போதெல்லாம் மனைவி, “பார்க்கலாம்” என்பாள்.

ஏழாவது கட்டை. கிட்டத்தில் பார்த்தபோது நத்தை இன்னும் அழகாக இருந்ததுதான் எரிச்சல். மடலைத் தூக்கினார். நடுப்பட்டையின் அடியைத் தடவி, கத்தி முனையைத் தையலுக்குக் கீழே விட்டார். டிக். டிக். டிக். மூன்று.

அறுந்த நூலை நகத்தால் இழுத்துப் போட்டார். இழுத்ததும் கை நின்றுவிட்டது.

நூல் கறுப்பு.

மூக்கருகில் கொண்டுபோனார். தேன்மெழுகு. விளக்குக் கரி. அப்புறம் யாருக்கும் சொல்லாத அந்தச் சாமான்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மடலுக்குள் தலையையே விட்டார். தையல்கள் வரிசையாக, நெருக்கமாக, இறுக்கமாக நின்றன. எல்லாம் தப்பான பக்கம் சாய்ந்து நின்றன. புயலில் சாய்ந்த வேலி.

அடுத்த பட்டை. அதுவும் சாய்வு. மறு பக்கம் போனார். மூன்றும் சாய்வு. கவிழ்த்தார். கம்பளி அடைத்த அடிமெத்தை பிரித்துத் தைத்திருந்தது, ஒரு தடவை இல்லை, பல தடவை. நாலைந்து வெவ்வேறு வயதுத் தையல்கள் பக்கத்தில் பக்கத்தில். உட்காரும் தோலின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ஒட்டு, வெளியே தெரியாத மாதிரி. உள்ளே இருக்கும் மரச் சட்டம் நத்தைக்காரனுடையது. மடல் ரெண்டும் அவனுடையது. உட்காரும் தோலும் அவனுடையது. மற்றதெல்லாம் வேறு கை. ஒரு பட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில், பாதியாக வெட்டுப்பட்டு, ஒற்றைக் காதைத் தூக்கிக்கொண்டு, அரைப் பூனை ஒன்று அவரைப் பார்த்தது. அவர் எப்போதோ பிரித்துக் கழிவு மூட்டையில் போட்ட சேணத்தின் தோல்.

“என்னங்க பண்றீங்க அங்க?”

வாசலில் மனைவி. தோளில் ஈரத் துணி.

“சும்மா... பாத்தேன்.”

அவள் கீழே பார்த்தாள். தரையில் மூன்று துண்டுக் கறுப்பு நூல். துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து மடலைத் தூக்கிப் பார்த்தாள்.

“கத்தியா?”

“ம்.”

“பட்டைத் தோல்ல பட்டுச்சா?”

“இல்ல. தையல் மட்டும்தான்.”

“அந்த அளவுக்காவது புத்தி இருந்துச்சே.”

தப்புச் செய்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஊசியாருக்கு அது வராது. “எத்தன வருஷமா நடக்குது இது?” என்றார், கையும் களவுமாகப் பிடித்துவிட்டவர் மாதிரி.

“எது?”

“இந்தக் கள்ளத் தையல்!”

“நாம இங்க வந்த அடுத்த மாசத்துலருந்து” என்றாள் அவள், பால் கணக்குச் சொல்வது போல. “மொதல்ல ஒரு பட்ட விட்டுச்சு. உங்ககிட்டக் காட்டலாம்னுதான் தூக்கிட்டு வந்தேன். நீங்க, ‘அது எப்பதான் பிஞ்சு தொலையுமோ’ன்னு லாடக்கார அண்ணன்கிட்டச் சொல்லிட்டிருந்தீங்க. நோயாளிய எமன்கிட்டயா கூட்டிட்டுப் போவாங்க? திரும்பக் கொண்டுபோய் நானே தச்சேன். அப்புறம் அடிமெத்த. அப்புறம் இன்னொரு பட்ட. வருஷத்துக்கு ரெண்டு மூணு எடம் விடும்ங்க அதுக்கு. விட்டா, நீங்க குனிஞ்சு பூனை தைக்கற நேரமாப் பார்த்துத் தைப்பேன்.”

“என் நூலு?”

“உங்க நூலுதான். அந்த அண்ணன் மேல வீணாப் பழி போட்டீங்க.”

ஊசியார் தீவனப் பெட்டி மேல் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடம். விடாத சேணம், விடாத சேணம் என்று ஊரே பாடியதே, அது வருடத்துக்கு மூன்று தடவை விட்டிருக்கிறது. தன் பூனைகள் ஒரே ஒரு தடவை விட்டதற்குக் கழிவு மூட்டைக்குப் போயிருக்கின்றன. நத்தைக்காரன் மேல் இருந்த பொறாமை உட்கார இடம் இல்லாமல் எழுந்து நின்றது. ஆனால் பொறாமை வேலையில்லாமல் வீட்டுக்குப் போய்விடுமா என்ன? அது நேராக வந்து சேணத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

“இதுக்கு ஆறு பட்ட, அடிமெத்த, ஓரத்துல ஒட்டு” என்றார். ஊக்கைத் தொட்டுக் காட்டினார். “எனக்கு ஒரு பொத்தான்!”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நத்தைக்குத் தச்சா அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். உங்களுக்குத் தச்சா, ‘என்ன வேலி சாஞ்சிருக்கு’ன்னு கேப்பீங்க.”

 

அவள் கடிவாளப் பெட்டியின் அடியிலிருந்து ரெண்டு ஊசி எடுத்தாள். அவர் எழுந்து, யாரும் சொல்லாமலே, நூலுக்கு மெழுகு இழுத்துக் கொடுத்தார். பட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் இடக்கையால் குத்தூசியை இறக்கினாள். தைக்கும்போது நாக்கு நுனி உதட்டோரம் வெளியே வந்தது. பை கம்பெனியில் அடுத்த பெஞ்சில் அதைப் பார்த்துத்தான் மனிதர் விழுந்தார். இத்தனை வருடமாக அது இந்த அறையில் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் பார்த்ததெல்லாம் ஒரு நத்தை. அவர் ஜன்னல் வழியாக நத்தையை முறைத்த நேரத்தில் பாதியை அவளைப் பார்த்திருந்தால் என்னவாம்?

மூன்று தையலுக்குப் பத்து நிமிடம் ஆனது. அவள் யாரிடமும் எதுவும் சொல்வதாக இல்லை. அவரும்தான்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சரம்மா வந்தார். லாடக்காரரும் போட்டிக்குப் போகும் ரெண்டு மூன்று பிள்ளைகளும் சூழ நின்றார்கள். நடுவில் ஒரு கட்டையில் நத்தை, பக்கத்தில் புதுப் பூனை. ஊசியார் முதல் தடவையாக நத்தையின் பட்டையைக் கையில் சுற்றினார். காலை உதைத்து, கண்ணை மூடி, பின்னால் தொங்கினார். ஆறு பட்டையும்.

“தாங்குது” என்றார். அந்த ஒரு வார்த்தையில் வெள்ளச்சியின் முதுகு, போட்டி, எட்டு மாதம் எல்லாம் போயிற்று. அவரே சொல்லி அனுப்பிவைத்தார்.

அத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். டீச்சரம்மா நத்தை முத்திரையைத் தடவிக்கொண்டே, “பேர் தெரியாத மனுஷன்! இவ்வளவு வருஷம் கழிச்சும் ஒரு தையல் விடல பாருங்க. அந்தக் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்” என்றார்.

மனைவி வாசல் ஓரமாகத் துடைக்கிற துணியோடு நின்றிருந்தாள். யாரையோ சொல்கிறார்கள் என்பது போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் ஊசியாரால் தாங்க முடியவில்லை. தன் பேரை அவன் இருபத்திரண்டு வருடம் வாங்கித் தின்றான் என்று நினைத்திருந்தாரே, அது கூடப் பரவாயில்லை. இவள் பேரை அல்லவா அந்தப் படுபாவி படுத்துக்கொண்டே வாங்கித் தின்றிருக்கிறான்!

“அவன் கைய எதுக்கும்மா ஒத்திக்கணும்?” என்று கத்திவிட்டார். “அவன் தச்ச தையல் ஒண்ணுகூட இதுல இல்ல! இங்க பாருங்க!”

மடலைத் தூக்கிப் பிடித்தார். சாய்வைக் காட்டினார். கறுப்பு நூலைக் காட்டினார். பட்டையைத் திருப்பி அரைப் பூனையைக் காட்டினார். “எல்லாம் இவ தச்சது. நொட்டாங்கைத் தையல். நீங்க யாரும் பார்க்கல. நானும் பார்க்கல.”

பிள்ளைகள் மனைவியைப் பார்த்தார்கள். லாடக்காரர் வாயைப் பிளந்தார். மனைவி மட்டும் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். வேண்டாங்க என்று அர்த்தம். ஏன் வேண்டாம் என்பது அடுத்த நொடியே தெரிந்தது. டீச்சரம்மா கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுப்பட்டையிடம் குனிந்தார்.

“எல்லாம் மங்கி இருக்கே, இந்த மூணு மட்டும் ஏன் புதுசா மின்னுது?”

 லாடக்காரர் நிலைமையை மோப்பம் பிடித்துக் கை கொடுக்கப் பார்த்தார். “பழசு தேய்ஞ்சு அறுந்திருக்கும். இல்ல, ஊசி?”

நல்ல பொய். தயாராக, சூடாக, தட்டில் வைத்துக் கொடுத்த பொய். எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் தேய்ந்தது என்றால், அறுகிற வரைக்கும் அவள் கவனிக்காமல் விட்டாள் என்று ஆகும்.

“தேயல. நான்தான் அறுத்தேன்” என்றார் ஊசியார்.

“எப்போ?”

“புதன்கிழம.”

“எதுக்கு?”

“நீங்கதானேம்மா சொன்னீங்க, ஒரு குறை வரட்டும்னு.”

“வரட்டும்னு சொன்னேன். நீங்களே பெத்துப் போடுங்கன்னா சொன்னேன்?” டீச்சரம்மா பின்னால் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “இதுங்கள்ல ஒண்ணு முன்கூட்டியே எடுத்து மாட்டிட்டு ஏறியிருந்தா?”

ஊசியாரின் வக்கீல் அன்றைக்கு வரவில்லை. 

“இனிமே சேணம் பார்க்கறது உங்க வேலை இல்ல” என்றார் டீச்சரம்மா. பிறகு வாசலைப் பார்த்து, “நீங்க வாங்க இங்க. துணியக் கீழ வைங்க. இனி எல்லாச் சேணமும் நீங்கதான் பார்க்கணும். இவர் செய்யறதும் சேர்த்து. நீங்க ‘தாங்குது’ன்னு சொன்னாத்தான் குதிரை மேல ஏறும்.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நேராகப் புதுப் பூனையிடம் போனாள். பட்டையைச் சுற்றினாள், காலை உதைத்தாள், தொங்கினாள். முதல் பட்டை பிடித்தது. ரெண்டாவதில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். எட்டு மாதத்துச் சிங்கம்! அத்தனை பேர் முன்னால்!

ஊசியார் பழக்க தோஷத்தில் சேணத்தை வாரி எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் திரும்பினார். “நான் பிரிச்சுப் புதுசா...”

“பிரிக்க வேணாங்க. தோலு நல்லாத்தான் இருக்கு. தையல் ரெண்டு போட்டா சரியாப் போகும்” என்றாள் அவள். “கட்டையில வைங்க.”

வைத்தார்.

வெள்ளச்சி நத்தையோடு போய் மூன்றாவதாக வந்தாள். அதற்கும் ஊசியார் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பூனையோடு போயிருந்தால் ரெண்டாவது என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பூனைக்கு இப்போது ஆறு வயது. உலகத்திலேயே வயதான பூனை அதுதான். புதிதாகச் சவாரி பழக வருகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறது. அங்கங்கே நாலு தையல் வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. யாராவது தடவிப் பார்த்து, “செஞ்சது யாரு?” என்று கேட்டால், ஊசியார் மடலைத் தூக்கி முதலில் அந்த நாலு தையலைத்தான் காட்டுகிறார். வேலி என்ற பேச்சை அவர் எடுப்பதே இல்லை. பட்டறைக் கதவில் சுண்ணக்கட்டி நத்தைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பூனையும் விழுகிறது.

ஜன்னல் மட்டும் அதே ஜன்னல்தான். நேற்றும் அதன் வழியாக எட்டிப் பார்த்தார். மனைவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நத்தை, இடக்கையில் ஊசி, உதட்டோரம் நாக்கு நுனி. காலடியில் பூனை தன் முறைக்குக் காத்திருந்தது.

“ஏம்மா, என் சேணத்த எப்பப் பார்ப்ப?”

“நத்த முடியட்டும்.”

ஊசியார் சட்டையைத் தடவினார். அதே ஊக்கு. துருவே ஏறிவிட்டது.

“பொத்தான்?”

“பூனை முடியட்டும்” என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.